கினுயேவின் கால் பங்கு

கணவனின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிவதற்குள், மிசாவோவின் பிள்ளைகள் இருவரும் தங்களால் முடிந்த மிகப் பெரிய நன்மையை அம்மாவுக்குச் செய்து முடித்திருந்தார்கள். வினையே அதில்தான் வந்தது.

கணவன் தோகுஜி உயில் எழுதி வைக்கவில்லை. எழுபத்தாறு வயதிலும் கடலைப் பார்த்த சரிவில் கமலா ஆரஞ்சுப் பெட்டிகளைத் தோளில் சுமந்த மனிதர். சாவைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரம் இருந்ததில்லை. உயில் இல்லாவிட்டால் சட்டமே பங்கு போட்டுவிடும். பாதி மனைவிக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்கு. மட்சுயாமாவில் இருந்த மகன் ஹிதோஷியும் கோபேயில் இருந்த மகள் சயோரியும் தொலைபேசியில் பேசி, வீடும் எட்டு அடுக்குத் தோட்டமும் முழுக்க அம்மாவுக்கே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். நேராகக் குடும்ப நீதிமன்றத்துக்குப் போய், அப்பாவின் சொத்தில் எங்களுக்கு உரிமையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். இந்தக் காலத்தில் இப்படியும் பிள்ளைகளா என்று ஊரே மெச்சியது. விவரம் தெரிந்த ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று மட்டும் இருவருக்கும் தோன்றவில்லை.

ஜூன் மாதம் பத்திர எழுத்தர் மினாமிகாவா அந்தக் காகிதங்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீதிமன்றத்துக்கு எதுக்குப் போனீங்க? எல்லாம் அம்மாவுக்குன்னு வீட்டிலேயே ஒரு பாகப் பத்திரம் எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துக்குப் பதிலா உங்க சொந்த முத்திரையை வெச்சிருந்தா முடிஞ்சிருக்குமே."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?" என்றான் ஹிதோஷி.

"ஒண்ணு இல்ல தம்பி. உரிமையே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டா, சட்டத்தைப் பொறுத்தவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் உங்கப்பாவுக்குப் பிள்ளைங்களே இல்ல. பிள்ளையில்லாத மனுஷன் சொத்து பெத்தவங்களுக்குப் போகும். அவங்களும் இல்லைன்னா கூடப் பிறந்தவங்களுக்கு. உங்கப்பாவுக்குத் தங்கச்சி ஒருத்தர் உண்டு இல்ல? அம்மாவுக்கு முக்கால், அத்தைக்குக் கால்."

"திருப்பி வாங்கிக்கலாமா?" சயோரியின் குரல் இறங்கிவிட்டது.

"முடியாதும்மா. இனி அத்தை அரசாங்கத்துல பதிஞ்சு வெச்ச முத்திரை விழாம ஒரு அடி நிலம்கூட அம்மா பேருக்கு மாறாது."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. பூதத்தின் பெயர் கினுயே. ஒசாகாவில் வாழ்க்கைப்பட்டவள். நாற்பது வருடமாக அந்தப் பெயரை வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை.

கால் பங்கைப் பணமாகக் கேட்டால் தோட்டத்தை விற்றுத்தான் கொடுக்க வேண்டும். மிசாவோவுக்கு எழுபத்தொரு வயது. அதில் நாற்பத்தெட்டு வருடம் அந்தக் கல்வரப்புகளில் ஏறி இறங்கியே கழிந்திருந்தது. அது போய்விட்டால் காலையில் எழுந்து எங்கே போவது என்றே அவளுக்குத் தெரியாது.

"பத்திரத்தைத் தபால்ல அனுப்பிடலாம்மா. திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டின கவரும் சேர்த்து வெச்சிடலாம்" என்றான் ஹிதோஷி.

"கவர் வேணாம்" என்றாள் மிசாவோ, வழக்கத்தைவிடச் சத்தமாக. "நானே போறேன்."

கினுயே ஒரு சலவைக் கடையின் பின்கட்டில் இருந்தாள். எழுபத்து மூன்று வயதிலும் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. தேநீரை வைத்தாள், கூடவே ஒரு குத்தலையும் வைத்தாள்.

"அண்ணன் செத்ததுக்கு ஒரு கார்டு வந்துச்சு. முத்திரை வேணும்னதும் அண்ணியே வந்துட்டீங்க."

"ஆமா, முத்திரைக்குத்தான் வந்தேன். அதுல பொய் சொல்லல."

கினுயே எழுந்து போய் இழுப்பறையிலிருந்து மஞ்சள் பாய்ந்த ஓர் உறையைக் கொண்டுவந்து போட்டாள்.

"அப்பா செத்தப்போ நான் பிள்ளை பெத்து ஆஸ்பத்திரியில கிடந்தேன். வர முடியல. அடுத்த மாசம் இது வந்துச்சு. மூத்தவனுக்கே எல்லாம், முத்திரை குத்தி அனுப்புன்னு. குத்தறதுதான் வழக்கம், எனக்கும் தெரியும். ஆனா உள்ள ஒரு வரி கடிதம் இல்ல, அண்ணி. அப்பா எப்படிப் போனாரு, கடைசியா என்ன சாப்பிட்டாரு, ஒண்ணும் இல்ல. முத்திரை குத்த எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவு நேரந்தான் எனக்கு அப்பா சாவு." உறையைத் தட்டிக் காட்டினாள். "மேல இருக்கற விலாசம் அண்ணன் கையெழுத்தும் இல்ல. யாரோடதுன்னு இன்னிவரைக்கும் தெரியல."

"என்னோடது" என்றாள் மிசாவோ.

இஸ்திரி மேசையில் நீராவி சீறியது. கினுயே அதை நிறுத்தினாள்.

"ரெண்டு வரி எழுதணும்னு பேனாவைக் கையில வெச்சிருந்தேன். வந்த மருமக, நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான், கினுயே." மிசாவோ அந்த உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "மாமா கடைசியா சாப்பிட்டது ரெண்டு சுளை. மேல் அடுக்குல நீ நட்ட மரத்துப் பழம். அந்த மரத்துதுதான் வேணும்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு."

கினுயே அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "நவம்பர்ல வரேன். மரத்தைப் பார்த்துட்டுத்தான் முத்திரை" என்றாள்.

சொன்னபடியே வந்தாள். வந்தவள் இடுப்பில் பறிகத்தரியைக் கட்டிக்கொண்டு ஒன்பது நாள் பழம் பறித்தாள். மிசாவோ ஒரு தடவைகூட முத்திரைப் பேச்சை எடுக்கவில்லை. பிள்ளைகள்தான் தினமும் அழைத்து, "குத்திட்டாங்களா?" என்று உயிரை எடுத்தார்கள். "பறிக்கிறா" என்று மட்டும் சொல்லி மிசாவோ தொலைபேசியை வைத்துவிடுவாள்.

பத்தாம் நாள் காலை, சோறும் மிசோ சூப்பும் சாப்பிட்டு முடித்த மேசையைத் துடைத்துவிட்டுப் பத்திரத்தை எடுத்து வைத்தாள். மினாமிகாவாவிடம் அவள் இரண்டு பத்திரம் எழுதி வாங்கியிருந்தாள். முழுவதும் மிசாவோவுக்கு என்பது ஒன்று. அதை அலமாரியிலேயே விட்டுவிட்டாள்.

கினுயே விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"மேல் அடுக்கு என் பேருக்குன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"கால் பங்குன்னா எட்டுல ரெண்டு அடுக்கு வரணும். ஒண்ணுதான் எழுதியிருக்கீங்க."

மிசாவோவின் நாக்கு அவளைக் கைவிடவில்லை.

"வானத்துச் சூரியன், கடல்ல மின்னற சூரியன், கல்வரப்புல காயற சூரியன்னு நம்மூர்ல மூணு சொல்லுவாங்கல்ல? மேல் அடுக்குக்கு மூணும் முழுசா விழும். கீழ இருக்கறதுக்கெல்லாம் ஒண்ணரைதான். கணக்குப் பார்த்துக்கோ."

கினுயே வாய்விட்டுச் சிரித்தாள். துணிப்பையிலிருந்து முத்திரையை எடுத்துச் சிவப்பு மையில் ஒற்றி, இரண்டு கையாலும் அழுத்தினாள். அவசரப்படவில்லை, ஒரு மூச்சு முழுக்க அழுத்தியே வைத்திருந்தாள். எடுத்தபோது பதிவு ஓரம்கூட மங்காமல் விழுந்திருந்தது. மிசாவோ தலை தரையில் படக் குனிந்து வணங்கினாள்.

"பேர் மாறினதுக்குக் காகிதம் வருமில்ல?" என்றாள் கினுயே, முத்திரையைத் துடைத்தபடி. "பத்திர எழுத்தர் அனுப்ப வேணாம். நீங்களே அனுப்புங்க, அண்ணி. உள்ள ரெண்டு வரி எழுதி வைங்க."

ஜனவரியில் காகிதம் வந்தது. மிசாவோ இரண்டு வரி எழுத உட்கார்ந்தாள். மாமாவின் கடைசி வாரத்தில் தொடங்கி, தோகுஜிக்கு வந்த முதல் இருமலைத் தாண்டி, கினுயேவின் மரம் இந்த வருடம் காய்த்த காய் வரைக்கும் எழுதி முடிக்க இரண்டு நாள் ஆனது. தபால் நிலையத்தில் உறையை நிறுத்துப் பார்த்த பெண், எடை கூடுதல், இன்னும் ஒரு தபால்தலை ஒட்ட வேண்டும் என்றாள். இந்த உறை வழியில் எங்கும் நின்றுவிடக் கூடாது என்று மிசாவோ இரண்டு தபால்தலை வாங்கி ஒட்டினாள்.