முன்னறைக்காரர்களும் தொழுவத்துக்காரியும்

ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்த வருஷம் எங்கள் குற்றாலத்து வீட்டுக்கு இரண்டு விதமான ஆட்கள் பிழைக்க வந்தார்கள். கடல் கடந்த சீமையிலிருந்து வந்தவர்களுக்கு முன்னறையைக் கொடுத்தேன். மலை தாண்டி வந்தவளுக்கு மாட்டுத் தொழுவத்தைக் கொடுத்தேன். அதில் ஒரு தப்பும் அப்போது எனக்குத் தெரியவில்லை. யாராவது கேட்டிருந்தால், "பின்ன, வாரவ எல்லாரையும் நடுவீட்டுல உக்கார வச்சு விசிறவா முடியும்?" என்று வாயை அடைத்திருப்பேன்.

அருவிக்குப் போகிற பாதையில் எங்கள் வீடு. சாரல் பிடித்துவிட்டால் நானும் என் வீட்டுக்காரரும் அடுக்களையோடு ஒதுங்கிக்கொண்டு, மற்ற அறைகளைக் குளிக்க வருகிறவர்களுக்கு விட்டுவிடுவோம். அவருக்கு இலஞ்சியில் கொஞ்சம் வயல் இருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை கிடையாது. அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கினால்கூட அதன் தாய் என் கண்ணைப் பார்ப்பாள். அதனாலேயே நான் யார் குழந்தையையும் தூக்க மாட்டேன்.

சித்திரையில் ரங்கூன்காரர்கள் வந்தார்கள். புருஷன், பெண்டாட்டி, மூன்று வயசுப் பெண் குழந்தை. காடும் மலையுமாக அஸ்ஸாம் வரைக்கும் நடந்து, வழியில் ஒரு கைக்குழந்தையைப் புதைத்துவிட்டு வந்தவர்கள். எங்கள் பக்கத்தில் யார் வாசலில் வந்து நின்றாலும் முதல் கேள்வி எந்த ஊர், யார் வீடு என்பதுதான். அவர் வீரகேரளம்புதூர் என்று சொல்லி, தன் தாத்தாவின் பெயரைச் சொன்னார். என் வீட்டுக்காரரின் அத்தையை அதே தெருவில் கொடுத்திருந்தது. அவ்வளவுதான், "அட, நம்ம ஆளுக!" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்துவிட்டார். அந்தத் தாத்தாவுக்கும் இவருக்கும் என்ன சாட்சி என்று யாரும் கேட்கவில்லை. இவரும் இரண்டு வயசில் கப்பலேறிப் போனவர்தான், தெருவின் பெயரைத் தவிர அந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஊரே அவர்களைப் பார்க்க வந்தது. குண்டு விழுந்த கதை கேட்க ஒரு கூட்டம் எந்நேரமும் வாசலில் கிடக்கும். ஒருவர் வேட்டி கொண்டுவருவார், ஒருவர் தேங்காய். ரங்கூனிலிருந்து வந்தவர்கள் என்று காட்டுகிற ஒரு சர்க்கார் சீட்டு அவரிடம் இருந்தது. அதைக் காட்டியும் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசியும், இரண்டே மாதத்தில் தென்காசியில் ஒரு அரிசி மில்லில் மேற்பார்வை வேலைக்குப் போய்விட்டார். அங்கே ரங்கூனிலும் மில்லில்தான் இருந்தாராம்.

ஆனியில் சாரல் ஊசி ஊசியாக விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் அவள் புறவாசலில் வந்து நின்றாள். முப்பது வயசிருக்கும். மேலே ரவிக்கை, இடுப்பில் முண்டு, இரண்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. "பணி எந்தெங்கிலும் உண்டோ அம்மே?" என்று வேலை கேட்டாள். எந்த ஊர், யார் வீடு என்று அவளிடமும் கேட்டேன். புனலூருக்கு அங்கிட்டு ஏதோ ஒரு ஊரைச் சொன்னாள். யாருக்குத் தெரியும் அதெல்லாம்? என்ன ஆளுகள் என்று கேட்டேன். சொன்னாள். நான் நம்பவில்லை. மலையாளத்துக்காரி வயிற்றுப்பாட்டுக்கு எதையும் சொல்வாள் என்று நானாக முடிவு செய்து, கிணற்றுக் கயிற்றைத் தொடக் கூடாது, அடுக்களைப் படியேறக் கூடாது என்று அன்றைக்கே சட்டம் போட்டேன்.

சீசனில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்களின் துண்டுகள் இருக்கிறதே, அதைத் துவைக்கிற கொடுமை செய்தவளுக்குத்தான் தெரியும். சாம்பலைப் போட்டு உருட்டி உருட்டி அடித்தாலும் பிசுக்குப் போகாது. அவள் வந்த பிறகு நான் ஒரு துண்டைத் தொட்டதில்லை. நெல்லும் அவள்தான் குத்தினாள். கூலி அரிசி. அவள் புருஷன் எங்கே என்று சொல்லவில்லை, நானும் துருவவில்லை. இரண்டு பிள்ளைகளைத் தங்கச்சி வீட்டில் விட்டிருந்தாள். எட்டு நாளைக்கு ஒரு தடவை கூலி அரிசியைத் துணியில் முடிந்து அடிவயிற்றில் கட்டிக்கொண்டு கிளம்புவாள். செங்கோட்டையிலிருந்து அந்தப் பக்கம் முழுக்க மலையாளத்து மகாராஜா சீமை. அரிசியை எல்லை தாண்டிக் கொண்டுபோனால் பிடிப்பார்கள். அதனால் ரயிலை விட்டுவிட்டு மலைப்பாதையில் நடப்பாள். அந்த அரிசி போய்ச் சேர்ந்தால்தான் அந்தப் பிள்ளைகளுக்குக் கஞ்சி. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

ஒருநாள் அவளை நான் வைதுகொண்டிருந்ததைக் கேட்டு, மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ரங்கூன்காரர் நின்றார்.

"மதினி, நான் ரங்கூன் மில்லுல மூட்டை ஏத்தி விடுவேன்லா, அதுல பாதிக் கப்பல் கொச்சிக்கும் ஆலப்புழைக்கும்தான் போகும். அந்த அரிசியைத் தின்னுதான் இவுக ஊரு கிடந்துச்சு. இப்பம் கப்பல் இல்ல, அதான் மலையேறி வாராக" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அப்படின்னா அவ ஒங்க வீட்டுச் சோறு தின்னவதான்னு சொல்லுங்க" என்று சிரித்தேன். அவர் பெண்டாட்டிக்கு முகம் சுண்டிவிட்டது. "அவளும் நாங்களும் ஒண்ணா மதினி?" என்றாள். அதே பெண்தான், 'எங்க அரிசியைத் திங்க வந்தவனுகளே' என்று பர்மாக்காரர்கள் கத்தியோடு விரட்டிய கதையை என்னிடம் அழுது அழுது சொன்னவள். இரண்டையும் சேர்த்து யோசிக்க அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

புரட்டாசிக்குள் எங்களுக்கே அரிசிக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. மலையாளத்துக்காரி ஊருக்குப் போய்த் திரும்பும்போது மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு கொண்டுவருவாள். முதலில் நாங்கள் யாரும் தொடவில்லை. அப்புறம் பசி தொட வைத்தது. தொழுவத்துக்குப் பக்கத்தில் கல் கூட்டி அவளே அவித்துக் கொடுப்பாள். தோலை உரித்து, நறுக்கி, பானை நிறையத் தண்ணீர் விட்டு, மூடாமல் கொதிக்க வைத்து, அந்தத் தண்ணீரை அப்படியே தென்னை மூட்டில் கொட்டிவிடுவாள். மறுபடி வேறு தண்ணீர், மறுபடி கொதி, அதையும் கொட்டுவாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீடுகளில் சோறு வடித்த தண்ணீரை யாராவது கொட்டுவார்களா? உப்புப் போட்டு அதைக் குடித்துத்தான் பாதிப் பேர் உடம்பைத் தேற்றியது. நோஞ்சான் பிள்ளைக்கு முதலில் கொடுப்பதே வடிதண்ணீர்தான்.

"ஏட்டி, சத்தையெல்லாம் தென்னைக்கு ஊத்திட்டுச் சக்கையை எங்களுக்குத் தாரியே, ஒனக்கு அறிவு இருக்கா? விறகு என்ன ஒங்க அப்பன் வீட்டுலருந்தா வருது?"

"அய்யோ, அம்மே, இது கட்டுள்ள கிழங்கு. விஷமாணு. வெள்ளம் களையணும். குட்டிகள்க்கு ஒட்டும் ஆகாது" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சொல்வாள்? விஷம் என்றாள், தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்றாள், குழந்தைகளுக்கு ஆகாது என்றாள். எல்லாம் புரிந்தது. மலையாளத்துக்காரியிடம் சமையல் படிக்கிற நிலைமைக்கு நான் வரவில்லை என்பதுதான் என் எண்ணம்.

அடுத்த தடவை அவள் அரிசியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தாள். நாலைந்து கிழங்கு மூலையில் கிடந்தது. ரங்கூன்காரர்களின் பிள்ளை காலையிலிருந்து பசி என்று சிணுங்கிக்கொண்டிருந்தது. நான் அடுப்பு மூட்டினேன். ஒரே தண்ணீர், அதுவும் அளவாக. ஆவி போகாமல் தட்டைப் போட்டு மூடி வைத்தேன். வெந்ததும் தண்ணீரை வடித்து, உப்பும் மிளகுப் பொடியும் போட்டு ஒரு கும்பா நிறைய ஆற்றி, பிள்ளையை மடியில் வைத்துக் குடிப்பாட்டினேன். அதன் தாய் ஒன்றும் சொல்லாமல் என் மடியில் விட்டாள். ஆறு வருஷத்தில் ஒரு குழந்தை என் மடியில் உட்கார்ந்து வயிறாரக் குடித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மத்தியானத்துக்குள் பிள்ளை வாந்தியெடுத்துத் துவண்டுவிட்டது. கண் செருகிக்கொண்டது. வண்டியைக் கட்டித் தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார். பிள்ளை பிழைத்தது. அதற்கப்புறம்தான் டாக்டர் வெளியே வந்து, "கிழங்கு விஷம். யார் சமைச்சது?" என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிள்ளை இல்லாதவள் அடுத்தவள் பிள்ளைக்கு விஷத்தைக் குடிப்பாட்டினாள் என்று ஊர் பேசப்போவது அப்போதே என் காதில் விழுந்தது. "மலையாளத்துக்காரி கொண்டாந்த கிழங்கு" என்றேன். அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று. அதில் பொய் இல்லை என்று அன்றைக்கு என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்புவதற்குள் ஊர் மிச்சத்தைச் செய்துவிட்டது. மலையாளத்துக்காரி என்றால் மருந்து வைப்பாள், மந்திரம் வைப்பாள் என்று சொல்ல ஆளுக்கா பஞ்சம்? "வந்து பிழைக்கவளுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் பாத்தியளா!" என்றார் ரங்கூன்காரர். அவர் பெண்டாட்டி மட்டும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாள். பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மலையாளத்துக்காரி வந்தாள். தலையில் கிழங்கு மூட்டை. புறவாசலில் பத்துப் பேர் நின்றதைப் பார்த்து மூட்டையை இறக்காமலே நின்றாள். ஆளுக்கொன்று கத்தினார்கள். அவள் என்னை மட்டும் பார்த்துக் கேட்டாள்:

"அம்மே, வெள்ளம் களைஞ்ஞோ?"

தண்ணீரைக் கொட்டினாயா என்று கேட்கிறாள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"கொட்டினேன்" என்றேன்.

"ரண்டு வட்டமும்?"

"ரெண்டு தடவையும் கொட்டினேன்னு சொல்லுதேன்லா, எதுத்தா பேசுத?" என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டால் பொய் நிமிர்ந்து நிற்கும் என்று நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது.

 அவளுக்குத் தெரிந்துவிட்டது, அது எனக்கும் தெரிந்தது. "குட்டி?" என்று மட்டும் கேட்டாள். பிழைத்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அப்போதுதான் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. என் வீட்டுக்காரர், "போ, இனி இந்தப் பக்கம் தலை காட்டாத" என்றார். வந்தவள் வந்தபடியே, தலையில் மூட்டையோடு செங்கோட்டை ரோட்டைப் பார்த்துத் திரும்பினாள். எட்டு நாளைக்கு ஒரு தடவை போகிற அரிசி அதோடு நின்றுபோயிற்று. ஒரு கை அரிசியாவது அவள் முந்தியில் போட எனக்குத் தோன்றவில்லை. பாவி நான், அவள் சீக்கிரம் கண் மறைந்தால் போதும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு குற்றாலத்திலும் தென்காசியிலும் அவளுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அடுத்த சாரலுக்கு மலை தாண்டி இன்னும் நிறையப் பெண்கள் வந்தார்கள். அவளைப் பற்றி அவர்களிடம் விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்களா, இல்லையா? இன்று வரை எனக்குத் தெரியாது.

ரங்கூன்காரர்கள் சண்டை முடிகிற வரைக்கும் எங்கள் முன்னறையில்தான் இருந்தார்கள். நேரத்துக்கு வண்டி கட்டிப் பிள்ளையைக் காப்பாற்றிய புண்ணியவதி என்று அவர் என்னைப் பத்துப் பேரிடம் சொல்வார். எனக்கு உடம்பெல்லாம் கூசும். தென்காசியில் அவர்கள் தனி வீடு பார்த்துப் போன அன்றைக்கு, அவர் பெண்டாட்டி சாமானைக் கட்டிக்கொண்டிருந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "ஒம் பிள்ளைக்கு விஷத்தைக் குடுத்தது நான்தான். அவ இல்ல. என்னைக் காறித் துப்பு" என்றேன்.

அவள் கயிற்றை இழுத்து முடிந்துகொண்டே சொன்னாள்:

"தெரியும் மதினி. நீங்க தட்டைப் போட்டு மூடினதையும் பாத்தேன், அந்தத் தண்ணியையே கும்பாவுல ஊத்துனதையும் பாத்தேன். அவ அன்னைக்கு வேண்டாம்னு சொன்னது என் காதுலயும் விழுந்துச்சுல்லா? ஆனாலும் உங்களைத் தடுக்க எனக்கு வாய் வரல. அவ வந்து நின்ன அன்னைக்கும் வாய் வரல."

"பெத்தவ நீ. ஏன்டி வாயை மூடிட்டு இருந்த?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வருஷத்தில் ஒரு நாளும் அப்படி என்னைப் பார்த்ததில்லை.

"சொல்லியிருந்தா அன்னைக்கே முன்னறையைக் காலி பண்ணச் சொல்லியிருப்பிய. நாங்க எங்கன போவோம் மதினி?"