பத்து முறை எழுதுக

காலையில ராஜபாளையத்துல ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுல ஒரு மூணாங்கிளாஸ் பொண்ணு, மடியில நோட்ட வச்சு இம்போசிஷன் எழுதிக்கிட்டிருந்துச்சு.

"ஏட்டி, சீக்கிரம் எழுது. ஸ்டாப்பு வந்திரும்"னு முன் சீட்டுலருந்து அவ அம்மா விரட்டுறாங்க.

எட்டிப் பாத்தேன். டீச்சர் எழுதிக் குடுத்த வார்த்தையோட முதல் எழுத்த மட்டும் மேலருந்து கீழ வரைக்கும் பத்துத் தடவ எழுதியிருந்துச்சு. பொறவு ரெண்டாவது எழுத்து, அதே மாதிரி பத்துத் தடவ. இப்ப மூணாவது எழுத்து பாதியில நிக்குது.

எனக்கு இருப்புக்கொள்ளல. நானும் டீச்சர்தான, சும்மா இருக்க முடியுமா?

"இது என்ன வார்த்தைம்மா?"ன்னு கேட்டேன்.

தலையத் தூக்காமலே சொல்லுச்சு: "தெரியலக்கா. இன்னும் முடிக்கல. கடைசி எழுத்து வந்தாத்தான் தெரியும்."

அவ அம்மா சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

என் பையில என் கிளாஸ் நோட்டு முப்பது இருக்கு. நேத்து திருத்தினது. ஒவ்வொண்ணுலயும் சிவப்பு மையில "பத்து முறை எழுதுக"ன்னு போட்டிருக்கேன். எந்தப் பிள்ள எதுல தப்பு விட்டுச்சுன்னு யோசிச்சுப் பாத்தேன், ஒண்ணு கூட ஞாபகம் இல்ல.

டீச்சர்மாரே, உங்களுக்கு எப்படி? எனக்கு முப்பது தடவ எழுதியும் மண்டையில ஏறல.