நாக்கை நீட்டினால் ஏறும் கட்டி

சவரம் செய்யும்போதுதான் முதலில் தட்டுப்பட்டது. குரல்வளைக்கு மேலே, நடுக்கழுத்தில், பூண்டுப்பல் அளவு. வலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

எங்கள் மலையூர் கூக்காலில் சளிக்கும் பூண்டு, வாயுவுக்கும் பூண்டு. அம்மா மலைப்பூண்டை நசுக்கித் துணியில் வைத்துக் கட்டினாள். பூண்டு விளைவிக்கிறவன் பூண்டைச் சந்தேகிப்பானா? நான்கு நாள் எரிச்சலைப் பொறுத்தேன். ஐந்தாம் நாள் துணியோடு தோலும் உரிந்து வந்தது. கட்டி அங்கேயே இருந்தது. கழுத்தில் கட்டியோடு இதைப் படிப்பவருக்குச் சொல்கிறேன், பூண்டு குழம்புக்கு மட்டும்.

மதுரையில் மருத்துவர் புண்ணைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு, "நாக்க நல்லா வெளிய நீட்டுங்க" என்றார். நீட்டினேன். கட்டி மேலே ஏறியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

தைராய்டு (முன்கழுத்துச் சுரப்பி) கருவில் அடிநாக்கில் தோன்றிக் கழுத்துக்கு இறங்கி வருமாம். ஏழாம் வாரத்துக்குள் இடம் சேர்ந்துவிடும். வந்த வழி பிறகு தூர்ந்துவிட வேண்டும். எனக்குத் தூராமல், நாக்கோடு ஒட்டிக் கிடந்த வழியில் நீர் கோத்திருந்தது.

"புற்றுநோயா டாக்டர்?"

"பெரும்பாலும் இருக்காது. எடுத்துப் பரிசோதிச்சாத்தான் உறுதி. ஆனா இந்தப் புண்ணு ஆறாம கத்தி வைக்க மாட்டேன்."

"எம்மேலதாங்க தப்பு" என்றாள் அம்மா. "இவன வயித்துல வச்சுக்கிட்டு மூட்ட செமந்தேன்."

"இது ஆரம்பிச்சப்ப நீங்க மாசமா இருந்ததே ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காதும்மா."

புண் ஆற ஏழு வாரம் ஆயிற்று. எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கண்ணாடியைப் பார்த்தால் நாக்கு நீண்டது, பேருந்துக் கண்ணாடியிலும்தான். விதைப்பூண்டு ஊன்றப் போய் ஒரு பாத்தி முழுக்கத் தலைகீழாக ஊன்றிவைத்தேன்.

"அது எங்கயும் ஓடிராது, செத்த சும்மா இருங்க" என்றாள் மனைவி. அது ஓடாததுதான் என் கவலை.

கட்டியையும் அந்த வழியையும் நாவடி எலும்பின் (நாக்குக்குக் கீழுள்ள லாட வடிவ எலும்பு) நடுத்துண்டையும் எடுத்தார்கள். பத்து நாள் கழித்து முடிவு வந்தது. புற்று இல்லை. மருத்துவமனை நடைபாதையிலேயே அழுதேன்.

மலையேறும் பேருந்தில் அம்மா நான் பிறந்த மாதத்திலிருந்து பின்னோக்கி விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள்.

"அப்ப நான் கிளாவரைக்குக் களையெடுக்கப் போயிட்டிருந்தேன். தல சுத்துச்சு, வெயில்னு நெனச்சேன்." என் கழுத்துக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "ஏலே, அன்னைக்கும் ஒனக்கு அவசரந்தான். வந்த வழிய மூடாம வந்திருக்க."

கட்டி தட்டுப்பட்ட பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இன்றும் காலையில் நாக்கை நீட்டிப் பார்க்கிறேன். எதுவும் ஏறுவதில்லை. யாராவது வயது கேட்டால் முப்பத்தாறு என்கிறேன். அதற்கும் முந்தைய சில வாரங்கள், அம்மா வெயில் என்று நினைத்தவை, கணக்கில் வராமல் என் கழுத்துக்குள் கிடந்திருக்கின்றன.