மைதானத்துக்கு முதுகு காட்டி

மைதானத்தில் கழுத்தில் தட்டைக் கொழுவி ஹொட் சொக்லட் பானம் விற்கிறவனுக்கு முதுகு ஆட்டத்துக்கு, முகம் சனத்துக்கு. தொண்ணூறுகளில் ரொறன்ரோ குளிரில் நின்று எதையாவது விற்றுப் பிழைத்தவர்களுக்கு என் பாடு விளங்கும். கிழமை நாட்களில் ஃபக்டரி, சனிக்கிழமைகளில் ஒரு பல்கலைக்கழக மைதானம்.

கையால் ஆடும் ஃபுட்போல்

வேலை எடுத்துத் தந்தவர் என்னோடு விற்ற தவம் அண்ணை. முதல் நாள் எட்டிப் பார்த்துத் திகைத்துப்போனேன்.

"அண்ணை, ஃபுட்போல் எண்டியள். உவங்கள் பந்தைக் கையில வச்சுக்கொண்டெல்லோ ஓடுறாங்கள்?"

எல்லாருக்கும் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற உயரமான பெடியனைக் காட்டினார். பெயர் கெவின்.

"உவன்தான் குவார்ட்டர்பாக். வெண்டால் எல்லாரும் வெண்டது, தோத்தால் உவன் தோத்தது. தோத்தால் சனம் பாதியில எழும்பிப் போயிடும், எங்கட சொக்லட் ஆறிப்போயிடும். உவனுக்காகக் கும்பிடு, தம்பி."

பச்சைக் கோட்டுப் பெண்

என் கும்பிடு பலிக்கவில்லை. அந்த வருசம் கெவின் எறிந்த பந்துகளை எதிரணிக்காரர்தான் கூடுதலாகப் பிடித்தார்கள். என் பகுதியில் ஒரு தாடிக்காரர் ஒவ்வொரு முறையும் எழும்பி, "அவனை வீட்டுக்கு அனுப்புங்கோ!" என்று கத்துவார். ஒருநாள் கத்திக் களைத்து, பின்வரிசையில் தனியே இருந்த பச்சைக் கோட்டுப் பெண்ணிடம் திரும்பி, "உங்களுக்கு அலுக்கவில்லையா?" என்று கேட்டார்.

அவ என்னிடம் வாங்கிய சொக்லட்டை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தா.

"விட்பியிலிருந்து ஒரு மணித்தியாலம் கார் ஓட்டி வாறன். அவனை வீட்டுக்கு அனுப்பினால் என்னோடுதான் வருவான். நான் அவன்ர அம்மா."

வாங்கில் இருந்தவன்

அடுத்த ஆட்டத்தில் கெவினை மைதான ஓரத்து வாங்குப் பலகையில் இருத்திவிட்டு வேறொரு பெடியனை இறக்கினார்கள். தாய் வழமைபோல வந்திருந்தா. என் உடைந்த ஆங்கிலத்தில், "மகன் விளையாடவில்லையே, ஏன் இந்தக் குளிரில்?" என்றேன். அவ என் பெயரைக் கேட்டு, சிவநேசன் என்று வாய்க்கு வரும்வரை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னா. ஃபக்டரியில் இரண்டு வருசமாக நான் வெறும் 'சிவா'. அந்த நன்றி இன்னும் எனக்குள் இருக்கிறது.

"வாங்கில் இருக்கிறவனுக்குத்தான் திரும்பிப் பார்க்க நேரம் இருக்கும், சிவநேசன். அப்போது இந்த இடம் காலியாக இருக்கக்கூடாது."

பிளேஓஃப்

தோற்றால் அந்த வருசம் அதோடு சரி என்கிற ஆட்டம். புதுப் பெடியன்தான் அணியை அதுவரை கொண்டுவந்திருந்தான். இரண்டாம் பாதியில் புதுப் பெடியனுக்குத் தோள் விலகிவிட்டது. கெவினைக் கூப்பிட்டார்கள். சனம் முனகியது. தாடிக்காரர் தொப்பியை இழுத்துக் கண்ணை மூடினார்.

என் பின்னால் என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது. முகங்கள் மட்டும் தெரிந்தன. முதலில் அவை சுருங்கின. பிறகு மெல்ல மெல்ல நிமிர்ந்தன. நாலு புள்ளி பின்னால் நின்றோம், கடைசி எறிதல். எல்லாரும் எழும்பினார்கள். தாய் மட்டும் இருந்தபடி கண்ணை இறுக மூடிக்கொண்டா.

"என்ன நடக்கிறது, சிவநேசன்?"

நான் திரும்பினேன். பந்து உயரத்தில் சுழன்று வந்தது. பிடித்தால் ஆறு புள்ளி என்கிற கோட்டுக்கு அப்பால் கெவினின் அணிப் பெடியன் ஒருவன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தான்.

"பிடிச்சிட்டாங்கள், அம்மா! எங்கட பெடியன் வெண்டிட்டான்!" என்று தமிழிலேயே கத்தினேன். அவ கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. அந்தத் துள்ளலில் என் தட்டுச் சரிந்து சொக்லட் முழுக்கத் தாடிக்காரரின் ஜக்கெற்றில் கொட்டிவிட்டது. பதறி மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் அந்தத் தாயைப் பார்த்தார்.

"கொட்டட்டும். நான் இந்த வருசம் கத்தின கத்தலுக்கு இது போதாது."

அடுத்த சனிக்கிழமை வேறு ஊரில் நடந்த ஆட்டத்தில் அவர்கள் தோற்றார்களாம். ஆனால் கெவின் கடைசிவரை விளையாடினானாம், வாங்கில் இருக்கவேயில்லையாம்.

இந்த விளையாட்டின் விதிகள் எனக்கு இன்றுவரை பாதிதான் விளங்கும், ஆனால் இந்த நாட்டில் நான் முதன்முதலாக 'எங்கட பெடியன்' என்று சொன்னது, என்னோடு ஒரு சொல்லும் பேசியிராத அந்தக் கெவினைத்தான்.