முந்தாத சவாரி

தங்கை கனடாவில் குதிரை ஓடப் பழகுகிறாள் என்று கேள்விப்பட்டபோது நான் சிரித்தேன். நாற்பத்தெட்டு வயதில் இவளுக்கு இதென்ன கூத்து? விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டால் யார் பார்ப்பது? பிறகு, புதிதாய்ப் பழகியவர்களுக்கென்றே ஒரு போட்டி வைக்கிறார்கள் என்றும், தானும் பெயர் கொடுத்திருப்பதாகவும், நான் கட்டாயம் பார்க்கவேண்டும் என்றும் இரண்டு தரம் போன் எடுத்துச் சொன்னாள்.

அங்கே மாலை. சாவகச்சேரியில் எனக்குக் காலைத் தேநீர் நேரம். அவளுடைய மகள் போனைப் பிடித்துக் காட்டினாள். அந்த நாட்டு மாடு மேய்ப்பவர்கள் குதிரை ஓடிய முறையாம். அகன்ற தொப்பி, பெரிய சேணம். ஆறு பேர் வட்டமாய்ப் போனார்கள். நடை, பிறகு மெல்லோட்டம், திரும்பவும் நடை. புதியவர்களுக்கு அவ்வளவுதானாம். என் தங்கை ஆறாவதாய், கடிவாளத்தைத் தொய்யவிட்டபடி போனாள்.

எங்கள் வீடு மாட்டுவண்டிச் சவாரி வீடு. முந்தியவன் வென்றான், பிந்தியவன் தலையைத் தொங்கப்போட்டான். வேறு கணக்கு எங்களுக்குத் தெரியாது.

"முந்து பிள்ளை, முந்து! உள்ளாலை விடு!" என்று நான் கத்திய கத்தில் மனைவி குசினியிலிருந்து ஓடிவந்தாள். போனின் சத்தத்தைத் தங்கையின் மகள் எப்போதோ குறைத்துவிட்டாளாம்.

கடைசியில் எல்லோரையும் வரிசையாய் நிறுத்தினார்கள். தங்கைக்கு மூன்றாம் இடம், வெள்ளை ரிப்பன்.

அவள் போனை வாங்கியதும், "கடைசியா வந்தவளுக்கும் ரிப்பனோ?" என்றேன். பகிடிதான். அவள் சிரிக்கவில்லை.

"இது ஓட்டம் இல்லை அண்ணை. நான் கேக்கிறதைக் குதிரை அமைதியாச் செய்யுதோ எண்டுதான் பாக்கிறவை. எங்கடை மாடுகள் துவரங்கம்புக்குப் பயந்துதானே ஓடினதுகள்."

எனக்குச் சுருக்கென்றது.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஒரு வெள்ளைச் சவாரிக் காளை நின்றது. அப்பாவைத் தவிர யாரையும் கிட்ட விடாது. என்னை இரண்டு தரம் முட்டியிருக்கிறது. ஒரு பின்னேரம் அது கயிறும் இல்லாமல் கம்பும் இல்லாமல், பன்னிரண்டு வயதுத் தங்கையின் பின்னால் வளவுக்குள் நடந்துபோனதைக் கண்டேன். அவள் நின்றால் அதுவும் நின்றது. எனக்கு வயிறு எரிந்தது. சவாரி மாட்டைப் பெண்பிள்ளை தொடக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். ஓடிப்போய்க் கோள்மூட்டினேன். அவளுக்கு நல்ல அடி விழுந்தது. அதற்குப் பிறகு அவள் மாட்டுக்கொட்டில் பக்கமே வரவில்லை. கோள் சொன்னது நான்தான் என்று யாரிடமும் சொன்னதில்லை.

"பிள்ளை," என்றேன், "அண்டைக்கு அப்பாட்டைச் சொன்னது நான்தான்."

அவள் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தெரியும் அண்ணை. அதுதான் நீங்கள் பாக்கவேணும் எண்டு ரெண்டு தரம் எடுத்தனான்."