விட்டுப்போன இரண்டு பூஜ்யங்கள்

நான்கு வருடங்களுக்கு முன், திருவொற்றியூரில் ஒரு சின்னப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. தேனிப் பக்கத்திலிருந்து வந்தவள் நான். ஹாஸ்டல், பட்டறை, மறுபடி ஹாஸ்டல். வரைபடத்தில் உள்ள அளவுகளைச் சீட்டில் எழுதி இரும்பைக் கடையும் லேத்துக்குக் கொடுப்பது என் வேலை. என்னிடம் யாராவது பேசினால் அது அளவு கேட்கத்தான்.

லேத் ஓட்டும் ஓர் அண்ணன் மட்டும் வேறு மாதிரி. வியாசர்பாடிக்காரர். முதல் வாரமே, "இன்னாமா, ஒண்டியா துன்னுகினு கீற? இங்க வா" என்று தன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அவர் வீட்டுக் கருவாட்டுக் குழம்பில் எனக்கும் பங்கு உண்டு.

ஒருநாள் நாற்பது ஷாஃப்ட் தண்டுகளுக்குச் சீட்டு எழுதினேன். வரைபடத்தில் விட்டம் 25.00 மில்லிமீட்டர் என்று இருந்தது. நான் 25 என்று எழுதினேன். பள்ளியில் முக்கிய எண்ணுருக்கள் எனக்கு வெறும் இரண்டு மார்க் கேள்வி. பட்டறையில் கதை வேறு. 25 என்றால் கால் மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். 25.00 என்றால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை பார்த்துக் கடைய வேண்டும். அவர் சீட்டைப் பார்த்துக் கடைந்தார். நாற்பதும் அளவு குறைந்து, பேரிங் வளையத்தில் லொடலொடவென்று ஆடின.

அவரிடம் இருந்த சீட்டு எண்ணெயில் ஊறிக் கிழிந்து, எண் தெரியாமல் போயிருந்தது. மேனேஜர் என்னைக் கேட்டார். "சரியாத்தான் எழுதினேன் சார்" என்றேன். வேலை போய்விடுமோ என்ற பயம். அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இனி வர வேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டார்கள்.

சீட்டின் கார்பன் நகல் என் மேஜை டிராயரில்தான் இருந்தது. அதில் 25 பளிச்சென்று தெரிந்தது. மூன்று நாள் மதியம் அவர் இழுத்துப் போட்ட அந்த ஸ்டூலில் தனியாக உட்கார்ந்தேன். என்னை நினைத்தாலே வெட்கமாக இருந்தது. நான்காம் நாள் நகல் புத்தகத்தை மேனேஜர் மேஜையில் வைத்தேன். என் ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு, அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

வந்த அன்று மன்னிப்புக் கேட்டேன். "அன்னிக்கே சொல்லிருந்தா நான் இன்னா உன்ன கட்ச்சா துன்னப் போறேன்" என்றார். அதோடு லேத்தை ஓட்டத் தொடங்கிவிட்டார்.

அதன்பின் சீட்டு கொடுக்கும்போதெல்லாம், "எத்தினி சைபர்மா? வாயால சொல்லு" என்பார். சொல்வேன். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். மதியம் அவர் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை.

இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். ஒரு பூஜ்யம்கூட விடுவதில்லை. சீட்டில் செய்த தப்பை அவர் மறந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அவர் என்னைப் பார்த்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டதை மறந்தாரா என்று கேட்க, எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.