விளக்கேற்றிக் கொடுத்த எச்சில்

நடந்தவை வரிசையாக:

1. டொராண்டோவில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் எஸ்ரா, ஒரு காலையில் தேநீர்கூடக் குடிக்காமல், நீளமான பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மரபணுச் சோதனைக்காம்.
2. அதைப் பார்த்து நானும் இரண்டு சோதனைப் பெட்டிகள் வாங்கினேன். ஒன்று தெரணியகலைத் தோட்டத்தில் இருக்கும் அப்பாவுக்கு. மற்றது கோத்தகிரியில் இருந்துகொண்டு, அப்பாவின் அண்ணன் மகன் என்று தன்னைச் சொல்லும் செல்வத்துக்கு.
3. பொருந்தவில்லை என்று முடிவு வந்தது.
4. அப்பா செல்வத்துக்குப் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

எஸ்ரா யூதர். அவர்களில் யூதராவது தாய்வழி. ஆனால் கொஹேன் என்னும் குருமார் மரபு தகப்பனிடமிருந்து மகனுக்கு வருவது. ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமும் அதே வழியில், பெரிதாக மாறாமல் இறங்குகிறது. கொஹேன் குடும்பங்கள் பலவற்றில் காணப்படும் கிளையோடு அவருடைய முடிவு பொருந்தியது. பொருந்தாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். "பண்டிகை நாளில் ஆலயத்தில் எழுந்து ஆசி சொல்லத்தான் செய்வேன். என் அப்பா சொன்னாரே" என்றார்.

எங்கள் அப்பாவுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. அவருடைய அண்ணன், தோட்டத் தமிழரைத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தக் காலத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறியவர். பிறகு கடிதமில்லை. அவருடைய மகன் நான் என்று வந்த செல்வத்திடம் இருந்தவை தகப்பன் பெயரும் தெரணியகலை என்ற ஊர்ப்பெயரும் மட்டுமே. மூன்று மாதம் அப்பா தினமும் அவரோடு பேசினார். 'மகனே' என்று கூப்பிட்டார்.

எச்சில் எடுத்த விதத்தில் பிழையோ என்று, அப்பாவோடு தோட்டத்தில் இருக்கும் தம்பியிடம் விசாரித்தேன். அன்று எடுத்த படத்தை அனுப்பினான். குத்துவிளக்கு எரிகிறது. வெள்ளை வேட்டி கட்டி, வாயில் பஞ்சுக்குச்சியோடு நாற்காலியில் இருப்பவர் என் தாய்மாமா. பக்கத்தில் அப்பா, தன் பெயர் எழுதிய உறையைப் பிடித்தபடி நிற்கிறார்.

அப்பாவுக்குப் போன் எடுத்தேன். "ஏம்ப்பா மாமா?"

"நல்ல காரியம் பாப்பா. மாமன் இருக்கையில நான் முந்திக்கலாமா? அதோட எனக்கு வெத்தல வாய்."

பின்னாலிருந்து மாமாவின் குரல்: "மடியில வச்சு உனக்குக் காது குத்துனவன், இதுக்கு வரமாட்டேனா? ஆனா அந்தக் கோத்தகிரிப் பையன் எனக்கு ரத்த சொந்தம் இல்லன்னு பஞ்சு இல்லாமலே சொல்லியிருப்பேனே."

எஸ்ராவிடம் விளக்கினேன். "மாமா என்றால் உன் அப்பாவின் சகோதரரா?" என்றார். அம்மாவின் அண்ணன் என்றேன். எங்கள் வீட்டு நல்லது கெட்டதில் முதலில் நிற்பவர் அவர்தான் என்றும் சொன்னேன். உடனே எஸ்ரா சொன்னார்: "அப்படியானால் உங்கள் கொஹேன் அவர்தான்."

இரண்டாம் முறை, அப்பா இரண்டு நாள் வெற்றிலையை விட்டுவிட்டுத் தானே கொடுத்தார். பொருந்தியது. இந்தச் சோதனை ஒரே தகப்பன்வழி என்று மட்டும்தான் சொல்லும். அண்ணன் மகன் என்று எழுதித் தராது. அதையும் அப்பாவிடம் சொன்னேன். "மிச்சத்த நாங்க பேசிக்கிறோம்" என்றார்.

இப்போதைய நிலை: அப்பா தினமும் கோத்தகிரியோடு பேசுகிறார். எஸ்ரா வரைந்து தந்த வம்ச அட்டவணையில் தெரணியகலைக்கு ஒரு கட்டம், கோத்தகிரிக்கு ஒரு கட்டம். ஒய் இல்லாத எனக்குக் கட்டமில்லை. அட்டவணை டொராண்டோவில், என் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது.